நான்கு கை அகல ரப்பர்: குளிருக்கும் வெயிலுக்கும் கார் டயரைப் புரிந்துகொள்வது எப்படி?

"மாமா, நாலு டயரும் புதுசு. ரெண்டாயிரம் கிலோமீட்டர்கூட ஓடல. அதைக் கழட்டி வெச்சிட்டு வேற நாலு டயர் வாங்கிப் போடணும்னு சொல்றாங்க. ஏமாத்துறாங்களா?"

மாண்ட்ரியலில் இருந்து என் தங்கை மகள் போனில் கேட்டது இது. வேலூர் சத்துவாச்சாரியில் பிறந்து வளர்ந்த பெண். கனடாவில் வேலை கிடைத்துப் போய், செப்டம்பரில் முதல் காரை வாங்கியிருந்தாள். அக்டோபர் கடைசியில் இந்தக் கேள்வி. சென்னை பெங்களூர் சாலை ஓரத்தில் இருபத்திரண்டு வருஷமாக டயர் கடையும் வீல் அலைன்மென்டும் (சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்யும் வேலை) வைத்திருக்கிறேன். அதனால் டயர் சங்கதி எதுவானாலும் எங்கள் குடும்பத்தில் என்னிடம்தான் வரும்.

"ஏமாத்தல கண்ணு. அங்க சட்டமே அதுதான்" என்றேன். மாண்ட்ரியல் இருக்கும் கியூபெக் மாகாணத்தில் பதிவான கார்களுக்கு டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் கட்டாயம். "சட்டம் சரி மாமா, புது டயர் எப்படிப் பத்தாமப் போகும்?" என்றாள். நல்ல கேள்வி. அன்றைக்கு அரை மணி நேரம் அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். பனியே விழாத வேலூரில் இருப்பவர்களுக்கு இது எதற்கு என்று தோன்றலாம். குளிர் ஒரு ரப்பரை என்ன செய்கிறது என்று தெரிந்தால், நம் ஊர் வெயிலும் ஐப்பசி மழையும் அதே ரப்பரை என்ன செய்கின்றன என்பதும் விளங்கிவிடும்.

கார் தரையைத் தொடும் இடம் எவ்வளவு?

முதலில் ஒரு சின்னக் கணக்கு. ஒரு நடுத்தரக் கார், ஆட்களும் சாமானும் ஏறிய பிறகு சுமார் 1,400 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஒரு சக்கரத்துக்கு 350 கிலோ. டயரில் இருக்கும் காற்று 33 பிஎஸ்ஐ. அதாவது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 2.3 கிலோ அழுத்தம். 350ஐ 2.3ஆல் வகுத்தால் சுமார் 150 சதுர சென்டிமீட்டர் வரும். உங்கள் கையை விரல்களோடு சேர்த்துத் தரையில் அழுத்தி வைத்தால் எவ்வளவு இடம் பிடிக்குமோ, கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

பிரேக் என்ன, ஸ்டியரிங் என்ன, ஏபிஎஸ் என்ன, எல்லாம் கடைசியில் இந்த நான்கு கை அகலத்தின் வழியாகத்தான் தரைக்குப் போய்ச் சேர வேண்டும். பிரேக் சக்கரத்தைத்தான் நிறுத்தும். காரை நிறுத்துவது டயரும் சாலையும் சேர்ந்து.

தார் ரோட்டைக் குனிந்து பக்கத்தில் பார்த்தால் ஜல்லிக்கல்லின் முனைகள் நிமிர்ந்து நிற்பது தெரியும். டயர் உருளும்போது ரப்பர் அந்த முனைகளுக்கு நடுவே கொஞ்சம் இறங்கி, கல்லைக் கவ்விப் பிடித்து, பிறகு விடுகிறது. நொடிக்கு நூற்றுக்கணக்கான தடவை இது நடக்கிறது. பிடிமானம் என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு இந்தக் கவ்வல்தான். இதற்கு ரப்பர் இளக்கமாக இருக்க வேண்டும். ரொம்பவும் இளகினால் சீக்கிரம் தேயும், திருப்பத்தில் நெளியும். விறைத்துவிட்டால் கல்லின் மேலேயே சறுக்கிக்கொண்டு போகும்.

மார்கழியில் தேங்காய் எண்ணெய்

இதை அவளுக்குப் புரியவைக்க நான் எடுத்தது எங்கள் வீட்டுக் குளியலறை மாடத்தில் இருக்கும் எண்ணெய் பாட்டிலை. மார்கழி விடியற்காலையில் தேங்காய் எண்ணெய் வெள்ளையாக உறைந்து கிடக்கும். அம்மா அதை வெந்நீர்ச் சொம்பின் மேல் வைத்து உருக்குவார்கள். அதே மாடத்தில், அதே குளிரில், நல்லெண்ணெய் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். இரண்டும் எண்ணெய்தான். எந்த அளவு குளிருக்கு எது தாங்கும் என்பதுதான் வித்தியாசம்.

ரப்பரும் அப்படித்தான். டயர் ரப்பர் ஒரே பொருள் கிடையாது. இயற்கை ரப்பர், செயற்கை ரப்பர், கரித்தூள், சிலிக்கா, எண்ணெய், கந்தகம் என்று பல சேர்ந்த கலவை. வெயில் நாட்டுக்கான கலவை சுட்டெரிக்கும் ரோட்டில் உருக்குலையாமல் இருக்கும்படி செய்யப்பட்டது. அதைக் குளிரில் கொண்டுபோய் விட்டால் மெல்ல மெல்ல விறைக்கும். காற்றின் வெப்பம் 7 டிகிரிக்குக் கீழே இறங்கினால் டயரை மாற்றிவிடு என்பது குளிர்நாடுகளில் வழங்கும் கணக்கு. ஏழில் ஏதோ சட்டென்று உறைந்துவிடும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பத்து டிகிரியிலேயே குறையத் தொடங்கிய பிடிமானம், ஏழுக்குக் கீழே நம்ப முடியாத நிலைக்கு வருகிறது. பனியே விழாத, காய்ந்த ரோட்டிலும் இது உண்டு. என் தங்கை மகளுக்கு ஆச்சரியம் தந்தது அதுதான். பனி விழுந்தால் மட்டும்தான் குளிர்கால டயர் வேண்டும் என்று அவள் நினைத்திருந்தாள்.

குளிர்கால டயரில் மூன்று விஷயம் வேறு. முதலாவது கலவை. இயற்கை ரப்பரும் சிலிக்காவும் கூடுதலாக இருப்பதால் கடுங்குளிரிலும் இளக்கம் போகாது. இரண்டாவது, பட்டனில் இருக்கும் கீறல்கள். (கடையில் நாங்கள் டயரின் வெட்டுப் பகுதியைப் பட்டன் என்றுதான் சொல்வோம்.) ஒவ்வொரு பட்டன் கட்டியிலும் பிளேடால் கீறியது போல மெல்லிய நெளிகோடுகள் நிறைய இருக்கும். எடை ஏறும்போது அவை விரிந்து, நூற்றுக்கணக்கான சின்ன விளிம்புகளாகப் பனியைப் பற்றும். மூன்றாவது, ஆழமான அகலமான பள்ளம். அது பனியை உள்ளே வாங்கி அழுத்தி வைத்துக்கொள்ளும். பனி பனியோடு ஒட்டும் என்பதால், டயருக்குள் அடைந்த பனியே தரைப் பனியைப் பிடிக்கிறது. நம் ஊரில் டயரில் சேறு அடைந்தால் தட்டிவிடுவோம். அங்கே பள்ளத்தில் பனி அடைவதுதான் பிடிப்பு.

இந்த யோசனை புதிதல்ல. பின்லாந்தில் 1934லேயே லாரிகளுக்கென்று குளிர்கால டயர் செய்து விற்றார்கள். ஊரெல்லாம் பனியில் புதையும் நாடு, அவர்களுக்குத்தானே முதலில் தோன்றும்.

வாங்கும்போது எதைப் பார்ப்பது? டயரின் பக்கச்சுவரில் மூன்று சிகரம் உள்ள மலையும் அதன் நடுவில் பனிப்பூவும் அச்சாகியிருக்க வேண்டும். பனியில் ஓட்டிச் சோதித்துத் தேறிய டயருக்குத்தான் அந்தக் குறி. 'எம் பிளஸ் எஸ்' என்ற எழுத்து வேறு. சேற்றுக்கும் பனிக்கும் ஏற்ற பட்டன் அமைப்பு என்று தயாரிப்பாளர் தாமே சொல்வது அது. குளிர்ச் சோதனை எதுவும் அதற்குத் தேவையில்லை. ஜெர்மனியில் பனியும் உறைநீரும் கிடக்கும் ரோட்டில் ஓட்டக் குளிர்கால டயர் வேண்டும் என்பது 2010 முதலே தெளிவான சட்டம். அங்கே 2024 அக்டோபரிலிருந்து எம் பிளஸ் எஸ் மட்டும் இருந்தால் செல்லாது, மலைக்குறி இருக்கவேண்டும். நம் ஊரில் எஸ்யூவி வாங்கும் சிலர் டயரில் எம் பிளஸ் எஸ் என்று பார்த்துவிட்டு "இது பனிக்குக்கூடப் போகும்ணா" என்கிறார்கள். அதை நம்பி மணாலிப் பக்கம் போக வேண்டாம்.

அடுத்து அவள் கேட்டது செலவைப் பற்றி. "முன் வீல்தானே மாமா இழுக்குது. முன்னாடி ரெண்டு மட்டும் போட்டா போதாதா?" கூடவே கூடாது என்றேன். முன் சக்கரம் பிடித்து, பின் சக்கரம் பிடிக்காமல் போனால், பிரேக் மிதித்த கணத்தில் காரின் பின்பக்கம் முன்னால் வரப் பார்க்கும். அந்தச் சுழற்சியைத் தேர்ந்த ஓட்டுநரால்கூட அடக்குவது கஷ்டம். நான்கும் ஒரே இனமாக இருக்க வேண்டும். நான்கு சக்கரமும் இழுக்கும் கார் என்றாலும் அப்படித்தான். நான்கும் இழுப்பது கிளம்புவதற்கு உதவும். நிற்பதற்கு டயர்தான்.

மார்ச் முடிந்ததும் கழற்றிவிட்டுப் பழைய டயரைப் போட வேண்டும். இளக்கமான குளிர்கால ரப்பர் வெயிலில் ஓடினால் சீக்கிரம் கரையும், பிரேக் அடித்தால் நிற்கும் தூரமும் கூடும்.

நமக்கு எந்த டயர்?

வேலூரில் மார்கழி விடியற்காலை என்றால் பதினெட்டு, பத்தொன்பது டிகிரி. தேங்காய் எண்ணெய்க்குத்தான் அது குளிர், டயருக்கு இல்லை. ஏலகிரிக்கும் ஜவ்வாது மலைக்கும் போனாலும் நம் சாதாரண டயர் தாராளம். டிசம்பர், ஜனவரியில் ஊட்டிக்குப் போய்த் தலைக்குந்தாப் பக்கம் உறைபனியைப் பார்ப்பவர்களுக்கும் டயர் மாற்ற வேண்டிய தேவையில்லை. விடியற்காலையில் புல்வெளி ஓரத்து ரோட்டில் நிதானமாகப் போனால் போதும்.

நம் ஆட்களில் நிஜமாகவே பனியில் வண்டி ஓட்டியவர்கள் ராணுவத்தில் இருந்தவர்கள்தான். வேலூர்ப் பக்கம் கம்மவான்பேட்டையில் வீட்டுக்கு வீடு ராணுவக்காரர்கள் உண்டு. லடாக்கில் லாரி ஓட்டி ஓய்வு பெற்ற ஒருவர் என் கடைக்கு வருவார். பனியில் பிடிப்புக்காகச் சக்கரத்துக்குச் சங்கிலி கட்டுவதை என் ரேக்கில் இருந்த டயரை வைத்தே காட்டினார். சங்கிலியை விரித்துப் போட்டு, அதன் மேல் வண்டியை ஏற்றி, இரண்டு பக்கமும் கொக்கி மாட்டி இறுக்க வேண்டும். கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு மறுபடி இறங்கி இறுக்க வேண்டும். விரல் மரத்துப் போகும் குளிரில் இது எவ்வளவு கஷ்டம் என்று அவர் கையை விரித்து மடக்கிக் காட்டியது இன்னும் கண்ணில் இருக்கிறது. பனியில்லாத ரோடு வந்ததும் சங்கிலியைக் கழற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் டயரும் போகும் ரோடும் போகும்.

நமக்கு எதிரி இரண்டு: சித்திரை வெயில், ஐப்பசி மழை.

வெயிலும் காற்றும்

ஏப்ரல் வந்தால் கடையில் தினமும் கேட்கும் பேச்சு ஒன்று உண்டு. "வெயில் காலம்ணா, காத்து கொஞ்சம் கம்மியா வெய்யிங்க. சூட்டுல விரிஞ்சி வெடிச்சிடப் போவுது." சொல்பவர்கள் எல்லோரும் நல்ல ஓட்டுநர்கள், அக்கறையோடு சொல்கிறவர்கள். ஆனால் இது உயிரை எடுக்கக்கூடிய தவறு. இதை எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு அலுக்காது.

டயர் ரோட்டில் வெடிப்பதற்கு முக்கியமான காரணம் காற்று குறைவாக இருப்பதுதான். குறைவாக இருந்தால் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிர்கிறது. ஒரு கம்பியை முன்னும் பின்னும் மடக்கிக்கொண்டே இருந்தால் மடங்கும் இடம் சுடும், பிறகு ஒடியும் இல்லையா, அதே கதை. 90 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் நொடிக்குச் சுமார் பதின்மூன்று சுற்று சுற்றுகிறது. அத்தனை மடிப்பும் சூடாக மாறி உள்ளே சேர்கிறது. வெளியே 40 டிகிரி வெயில், கீழே அதைவிடச் சுடும் ரோடு. சூடு வெளியேற வழியில்லை. ரப்பருக்கும் உள்ளே இருக்கும் நூல், கம்பி அடுக்குக்கும் நடுவே உள்ள ஒட்டு விட்டுப்போகும். அப்போதுதான் வெடிக்கிறது.

போன மே மாதம் ஒரு குடும்பம் பெங்களூருக்குப் போகும் வழியில் கடையில் நிறுத்தியது. "இடது பக்கம் ஏதோ இழுக்குதுண்ணா" என்றார் ஓட்டி வந்தவர். பின் டயரில் 19 பிஎஸ்ஐதான் இருந்தது. சின்ன ஆணி, எத்தனை நாளாகக் கசிந்ததோ. டயரை ரிம்மிலிருந்து கழற்றி நிமிர்த்தினேன். உள்ளேயிருந்து கறுப்புத் தூள் கொட்டியது. காப்பித்தூள் மாதிரி, ஒரு கைப்பிடி. பக்கச்சுவரின் உட்புறம் தன்னைத்தானே அரைத்துக்கொண்டு உதிர்ந்த ரப்பர் அது. வெளியே இருந்து பார்த்தால் டயர் நன்றாகத்தான் இருந்தது. அந்தத் தூளைக் கண்டால் பஞ்சர் ஒட்டித் தரவே மாட்டேன். டயரை மாற்றித்தான் ஆக வேண்டும். பின் சீட்டில் இரண்டு குழந்தைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

சரியான அளவு எங்கே எழுதியிருக்கிறது? டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். சில கார்களில் பெட்ரோல் மூடியின் உட்புறம். இரண்டு பேர் போனால் இவ்வளவு, முழு ஆளும் சாமானும் என்றால் இவ்வளவு என்று தனித்தனியாகப் போட்டிருப்பார்கள். டயரின் பக்கச்சுவரில் அச்சடித்த அழுத்தம் அந்த டயர் தாங்கும் உச்ச அளவு. காருக்கு அடிக்க வேண்டிய அளவாக அதை எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அந்த ஸ்டிக்கர் கணக்கு, குளிர்ந்த டயருக்கானது. வண்டி மூன்று மணி நேரமாவது நின்றிருக்க வேண்டும், அல்லது இரண்டு மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஓடியிருக்கக் கூடாது. காலையில் பங்க்குக்குப் போவது நல்லது. ஓடிய டயரில் அழுத்தம் நான்கு ஐந்து பிஎஸ்ஐ ஏறித்தான் காட்டும். டயர் செய்தவர்கள் அதையும் சேர்த்தே கணக்குப் போட்டிருக்கிறார்கள். வாலாஜாவில் நிறுத்தி "38 காட்டுது, இறக்கிடு" என்று சொல்லிவிட்டால், இரவு குளிர்ந்ததும் அது 28க்கோ 29க்கோ வந்துவிடும். மறுநாள் குறைந்த காற்றோடு ஓடுவீர்கள். சூட்டில் காற்றை இறக்காதீர்கள்.

நைட்ரஜன் பற்றியும் கேட்பார்கள். நாம் அடிக்கும் சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். நைட்ரஜன் போட்டால் கெடுதல் ஒன்றுமில்லை, கசிவு கொஞ்சம் மெதுவாகும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை சாதாரணக் காற்றைச் சரிபார்ப்பவர், நைட்ரஜன் போட்டுவிட்டு ஆறு மாதம் மறந்துபோனவரைவிடப் பாதுகாப்பாகப் போகிறார்.

ஐப்பசி மழையில் மிதக்கும் கார்

2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் புரண்டு ஓடிய வாரம். ஆம்பூரில் ஒரு துக்க வீட்டுக்குப் போய்விட்டு மச்சான் காரில் திரும்பிக்கொண்டிருந்தேன். ஓட்டியது நான். மாதனூர் தாண்டி ரோடு கொஞ்சம் தாழும் இடத்தில் தண்ணீர் தேங்கியிருந்தது. வேகம் 90 இருக்கும். திடீரென்று ஸ்டியரிங் கையில் எடையே இல்லாமல் போனது. திருப்பினால் ஒன்றும் நடக்கவில்லை. இஞ்சின் சத்தம் மட்டும் உயர்ந்தது. இரண்டு நொடி இருக்கும். கார் தண்ணீரின் மேல் மிதந்து போனது. பிரேக்கைத் தொடாமல் ஆக்சிலேட்டரிலிருந்து காலை மட்டும் எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டேன். டயர் மறுபடி தரையைத் தொட்டபோது ஒரு சின்ன உதறல். அவ்வளவுதான். ஓரம் கட்டி இறங்கிப் பார்த்தேன். முன் டயரில் பட்டன் இரண்டு மில்லிமீட்டர்கூட இல்லை. கிளம்பும்போதே குனிந்து பார்த்திருக்க வேண்டும்.

நடந்தது இதுதான். டயரின் பள்ளங்கள் வாய்க்கால்கள். முன்னால் இருக்கும் தண்ணீரை உள்ளே வாங்கிப் பக்கவாட்டிலும் பின்னாலும் தள்ளி, ரப்பர் தரையைத் தொட வழி செய்கின்றன. வேகம் கூடக் கூட, தள்ள வேண்டிய தண்ணீரும் கூடும். வாய்க்கால் ஆழம் குறைந்துவிட்டால் தண்ணீர் போக இடமின்றி டயருக்கு அடியில் ஆப்பு போல நுழைந்து தூக்கிவிடும். இந்த மிதப்பை விமானச் சக்கரங்களுக்காக 1960களில் நாசா ஆராய்ந்தது. அவர்கள் சொன்ன கணக்குப்படி, 33 பிஎஸ்ஐ உள்ள டயர், பட்டன் தண்ணீரை வெளியேற்ற முடியாத நிலையில், சுமார் 95 கிலோமீட்டர் வேகத்தில் மிதக்கத் தொடங்கும். 25 பிஎஸ்ஐ என்றால் 83 கிலோமீட்டரிலேயே. கார் டயர் அகலமானது, இதைவிடக் குறைந்த வேகத்திலும் மிதக்கலாம். காற்று குறைந்தால் வெயிலில் மட்டும் ஆபத்து என்று நினைத்துவிட வேண்டாம் என்பதற்காகவே இந்த எண்களைச் சொல்கிறேன்.

புது கார் டயரில் பள்ளம் ஏழு எட்டு மில்லிமீட்டர் இருக்கும். சட்டப்படி 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் அந்த டயர் ரோட்டுக்கு ஆகாது. அளக்கக் கருவி வேண்டாம். பக்கச்சுவரின் மேல் விளிம்பில் சின்ன முக்கோணமோ 'டிடபிள்யூஐ' என்ற எழுத்தோ தேடுங்கள். அதற்கு நேராகப் பள்ளத்துக்குள் விரலை விட்டுத் தடவினால் குறுக்கே ஒரு சின்ன மேடு தட்டுப்படும். பட்டனும் அந்த மேடும் ஒரே மட்டத்துக்கு வந்துவிட்டால் 1.6 வந்துவிட்டது என்று அர்த்தம். என்னைக் கேட்டால் அதுவரை காத்திருக்காதீர்கள். மூன்று மில்லிமீட்டருக்கு வந்த டயரோடு வடகிழக்குப் பருவமழையைப் பார்க்க வேண்டாம். புரட்டாசியிலேயே மாற்றிவிடுங்கள்.

தடவும்போதே தேய்மானத்தின் விதத்தையும் பாருங்கள். நடுவில் மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம், இரண்டு ஓரமும் தேய்ந்தால் குறைவு. ஒரு ஓரம் மட்டும் என்றால் அலைன்மென்ட் போயிருக்கிறது.

இரண்டு டயர் மட்டும் வாங்கக் காசு இருக்கிறது என்றால் புதியதை எங்கே போடுவது? நம் ஊரில் பத்துக்கு ஒன்பது பேர் முன்னால்தான் போடச் சொல்வார்கள். புதியது பின்னால் போக வேண்டும். மாண்ட்ரியலுக்குச் சொன்ன அதே காரணம்தான். முன் சக்கரம் ஈரத்தில் வழுக்கினால் கார் நேராகப் போகும், காலை எடுத்து வேகத்தைக் குறைத்தால் மீண்டும் பிடிக்கும். பின் சக்கரம் வழுக்கினால் கார் சுழலும். ஏலகிரியில் மழை பெய்யும்போது இறங்கிப் பாருங்கள், புரியும். புலவர்கள், வள்ளல்கள் பெயர் வைத்த பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் எடை முன்னால் சாய்ந்து பின்பக்கம் லேசாகிறது. அங்கே பின் டயரில் பட்டன் இல்லாவிட்டால் வால் வெளியே போகும்.

பக்கச்சுவரைப் படிப்பது

டயர் வாங்கப் போனால் விலையைக் கேட்பதற்கு முன் பக்கச்சுவரைப் படியுங்கள். 185/65 ஆர்15 88எச் என்று இருந்தால், அகலம் 185 மில்லிமீட்டர், பக்கச்சுவர் உயரம் அந்த அகலத்தில் 65 சதவீதம், ஆர் என்றால் ரேடியல், 15 அங்குல ரிம். 88 என்பது ஒரு டயர் 560 கிலோ தாங்கும் என்பதற்கான குறி, எச் என்றால் மணிக்கு 210 கிலோமீட்டர் வரை தாங்கும். இந்தக் கடைசி இரண்டும் காரோடு வந்த டயரைவிடக் குறையக் கூடாது. விலை மலிவு என்று குறைந்த எடைக்குறி உள்ளதைப் போட்டுவிட்டு, தீபாவளிக்கு ஏழு பேரை ஏற்றிக்கொண்டு போவது அபாயம். கூடவே ஐஎஸ்ஐ முத்திரையையும் பாருங்கள்.

இன்னொரு எண் உண்டு, அதைப் பெரும்பாலானோர் பார்ப்பதே இல்லை. 'டாட்' என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கம். 2324 என்றிருந்தால் 2024ஆம் வருஷம் இருபத்து மூன்றாவது வாரம் செய்தது. சில சமயம் அது டயரின் உட்பக்கச் சுவரில்தான் இருக்கும், குனிந்து பார்க்க வேண்டும். ரப்பர் ஓடாமல் இருந்தாலும் கிழடாகும். நம் வெயிலில் இன்னும் வேகமாக. ஐந்து ஆறு வருஷம் ஆனால் வருஷா வருஷம் கழற்றிப் பார்க்க வேண்டும். பத்து வருஷம் ஆனால் பட்டன் எவ்வளவு இருந்தாலும் தூக்கிப் போட வேண்டும்.

ஒருமுறை ஒருவர் ஸ்டெப்னியை எடுத்து மாட்டச் சொன்னார். "ஒரு நாள்கூடத் தரையில் படாத டயர்" என்றார் பெருமையோடு. உண்மைதான். அச்சிலிருந்து வந்த ரப்பர் முள் முள்ளாக அப்படியே நின்றது. நான்கு இலக்கம் 2012 என்று சொன்னது, அதாவது 2012ஆம் வருஷம் இருபதாவது வாரம். பக்கச்சுவரை விரலால் அழுத்தினேன், காய்ந்த ஏரி மண் மாதிரி நுணுக்கமாக வெடிப்பு விரிந்தது. அதை மாட்டி நெடுஞ்சாலையில் விட எனக்கு மனசு வரவில்லை. உங்கள் ஸ்டெப்னியின் வயதை இன்றைக்கே பாருங்கள், காற்றையும் பாருங்கள்.

பழைய டயர் வாங்குவோருக்கு ஒரு வார்த்தை. மொட்டையாகிப்போன டயரில் சூடான கத்தியால் புதிதாகப் பட்டன் வெட்டி, கறுப்பு பாலிஷ் போட்டு விற்பவர்கள் இருக்கிறார்கள். பள்ளம் ஆழமாகத் தெரியும். ஆனால் அடியில் கம்பி அடுக்குக்கு மேல் ரப்பரே மிச்சம் இருக்காது. முன்பு சொன்ன குறுக்கு மேட்டைத் தேடுங்கள். அது வெட்டுப்பட்டிருந்தாலோ காணாமல் போயிருந்தாலோ தொடாதீர்கள். காருக்கு இந்த டயர் வேண்டவே வேண்டாம், எவ்வளவு மலிவாக இருந்தாலும்.

எந்தக் கம்பெனி நல்லது என்ற கேள்விக்கு நான் நேராகப் பதில் சொல்வதில்லை. நம் பழைய வட ஆற்காட்டிலேயே, அரக்கோணம் பக்கம் இச்சிபுத்தூரில், எம்ஆர்எஃப் ஆலை ஓடுகிறது. அந்தப் பக்கத்து ஆட்கள் அதைத்தான் கேட்பார்கள், அது அவர்கள் பாசம். சரியான அளவு, புதிய தேதி, ஐஎஸ்ஐ முத்திரை, ஈரத்தில் நல்ல பிடிப்பு. இவை இருந்தால் பெயர் எதுவானாலும் தைரியமாகப் போடலாம்.

ஜனவரியில் மாண்ட்ரியலிலிருந்து மறுபடி போன். "மாமா, குளிர்கால டயர்தானே போட்டிருக்கேன். மீட்டர்ல டயர் லைட் எரியுது. பஞ்சரா?"

"வெளியே எவ்வளவு டிகிரி?"

"மைனஸ் இருபது."

காற்று குளிர்ந்தால் சுருங்கும். ஐந்தரை டிகிரி இறங்கினால் ஏறக்குறைய ஒரு பிஎஸ்ஐ குறையும். நவம்பரில் அவளுக்கு டயர் மாட்டியவர்கள் கதகதப்பான கூடத்துக்குள் இருபது டிகிரியில் 33 அடித்திருப்பார்கள். நாற்பது டிகிரி இறக்கத்துக்கு ஆறோ ஏழோ போய்விடும். மாதத்துக்கு ஒன்று வீதம் தானாகக் கசிந்ததில் இன்னொரு இரண்டு. கேஜ் வைத்துப் பார்க்கச் சொன்னேன். 25 காட்டியது.

"நாலுலயும் ஒரே மாதிரி குறைஞ்சிருக்கா?"

"ஆமா மாமா, எல்லாம் 25, 26."

"அப்ப பஞ்சர் இல்ல. வண்டியை உள்ளே விட்டுச் சூடாக்கி அடிக்காத. வெளியிலேயே, நின்ன இடத்திலேயே, அந்தக் குளிர்லயே 33க்கு அடி. பங்குனி வந்து வெயில் ஏறினா மறுபடி பாரு, கூடியிருக்கும்."

போனைக் காரின் மேல் வைத்துவிட்டு அவள் கம்ப்ரசரைப் போட்டாள். சத்தம் இங்கே கேட்டது. நானும் ஷட்டரை அப்போதுதான் தூக்கியிருந்தேன். பனிமூட்டத்தில் எதிர்ப் பக்கத்து ரோடு தெரியவில்லை, முதல் வண்டி வந்து நின்றது. நான் வால்வு மூடியைக் கழற்றி கேஜை வைத்தபோது அந்தப் பக்கம் "முப்பத்து மூணு மாமா, லைட் அணைஞ்சிடுச்சு" என்றாள். என் கையில் இருந்தது 27 காட்டியது.